அளவுக் கயிறு விஷயமாக அக்காவுக்கு

என்றும் மதிப்புக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொள்வது.

நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கால்வலி புதுத் தைலத்துக்குக் கட்டுப்பட்டதா என்று தெரிவிக்கவும். இங்கே நாங்கள் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் நம் ஊர் வாரத்தாளில் செய்தி எழுதியவனுக்கு, சரிபார்க்காத ஒன்றை எழுதக் கை வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நலமா இல்லையா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நம் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு புது நாற்காலிக்கு முதல் ஆணி அடிக்கச் சொல்லி என் மகள் உன்னைக் கூப்பிடுவாள். நீ வரக் கூடாது. கால்வலி என்று சொல், அத்தானுக்கு இருமல் என்று சொல், எதையாவது சொல். குடும்பத்துக்கு மூத்தவள் நீ. உன் கையால் ஒரு ஆணி இறங்காமல் இந்த வீட்டில் எந்த நாற்காலியும் நாற்காலி ஆகாது. உன்னிடமிருந்து ஒரே ஒரு ‘முடியாது’ வந்தால் போதும், நான் யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமல் தப்பித்துவிடுவேன்.

உனக்குத் தெரிந்த வழக்கத்தை உனக்கே விளக்குகிறேன் என்று கோபப்படாதே. இந்தக் கடிதம் நாளைக்கு ஊர்ச் சபைக்குப் போனாலும் போகும், அங்கே எல்லாருக்கும் புரிய வேண்டும். விருந்தாளிக்குப் பாய். வீட்டு ஆளுக்கு மட்டும்தான் நாற்காலி. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் கயிறு வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு, அந்த அளவுக்கு அவரவர்க்கென்று செய்கிற நாற்காலி. நம் வீட்டுப் பிள்ளையின் உயிரை யாராவது காப்பாற்றிவிட்டால், அந்த ஆளையும் பிள்ளையாக ஏற்று நாற்காலி போடலாம். நெட்டையர்கள் குட்டை இனமான நம்மை ‘அரையாள்’ என்று சொல்லிச் சிரித்தாலும், இந்த வழக்கத்தைப் பார்த்து அவர்களே இரண்டு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது விஷயம். என் மகள் சாவியை உனக்குத் தெரியுமல்லவா, பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரி என்பதால் அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். எட்டு வருஷமாக நெட்டையர் கூட்டம் ஒன்றோடு சுற்றுகிறாள். வாள்காரர் ஒருவர், மந்திரக்காரி ஒருத்தி, வைத்தியர் ஒருவர், இவள். பாழடைந்த நிலவறைகளைத் திறந்து பார்ப்பது தொழில். போன மாதம் வரைக்கும் இந்த எட்டு வருஷத்தில் மூன்று முறை வீட்டுக்கு வந்திருக்கிறாள். மூன்றாவது முறை வந்தபோது அவளுடைய நாற்காலியை நான் துடைத்துவைத்ததைப் பார்த்துவிட்டு, “தினம் துடைக்கிறீங்களாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

போன மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு நிலவறையில் கூரைக் கல் இறங்கியதாம். வெளியே போக ஒரே கதவு, அதில் பதினொரு பூட்டு. இவள் பதினொன்றையும் திறந்து முடிக்கும் வரைக்கும் அவர்களோடு புதிதாகச் சேர்ந்த ஒருவர் குனிந்து நின்று முதுகில் அந்தக் கல்லைத் தாங்கினாராம். ‘ஒரு தடவைகூட என்னை அவசரப்படுத்தவில்லை, அப்பா. அவரை எனக்கு அண்ணனாக நம் வீட்டில் உட்கார வைக்க வேண்டும். அவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். அவருடைய அளவுக் கயிற்றை இதோடு வைத்திருக்கிறேன். மற்றதை அதுவே சொல்லும்’ என்று எழுதியிருந்தாள்.

கயிற்றைப் பிரித்துத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்தேன். முடிச்சு என் புருவத்தில் வந்து நின்றது.

“என்னங்க இது, முழங்கால் அளவா, முழு ஆள் அளவா?” என்றாள் என் வீட்டுக்காரி.

நான் யோசித்தேன். அதுதான் தப்பு. யோசிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். யாருக்காவது புருவ உயரத்தில் முழங்கால் இருக்குமா? இருக்காது. பெண் எட்டு வருஷமாக நெட்டையர் நடுவில் இருக்கிறாள். அவர்கள் ஆளை அளந்தால் உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும்தான் அளப்பார்கள். பாவம், நம் வழக்கத்தை மறந்து அப்படியே அளந்து அனுப்பிவிட்டாள். ஆக, வருகிறவர் நம் இனம்தான், என்னைவிட நாலு விரல் கட்டை. அடுத்தவர் எழுதிய தகவலை அவரைக் கேட்காமலே திருத்துவது என் பழைய தொழில். திருத்திவிட்டேன்.

“கயித்த அப்படியே வெச்சுச் செஞ்சிரட்டுமாண்ணே?” என்று தச்சர் கேட்டார்.

“ஆள் உயரத்துல கால்வாசிதான் முழங்கால். கயித்த நாலா மடிச்சுக்குங்க.”

“பாப்பா முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கே. முடிச்சுன்னா அது முழங்கால்தானண்ணே.”

“நீங்க மரத்தப் பாருங்க. நான் விஷயத்தப் பாத்துக்கறேன்.”

ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவாக அழகான நாற்காலி தயாராயிற்று. முதுகில் இலை வேலைப்பாடு. முதல் ஆணிக்கான இடத்தை மட்டும் உனக்காக விட்டுவைத்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாரத்தாளுக்கு நாலு வரிச் செய்தியும் கொடுத்தேன்: ‘முன்னாள் செய்தியாளர் இல்லத்துக்குப் புதிய மூத்த மகன். நடுத்தர உயரம். விரைவில் முதல் ஆணி.’ இப்போதைய ஆசிரியர் என்னிடம் வேலை கற்றவன். “ஆள நேர்ல பாத்தீங்களா சார்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். கயிற்றைப் பார்த்தேன், அது போதும் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டு வாசலில் நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. தெருமுனையில் சாவி வருவது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு மரத்தூண்களை நிமிர்த்தி நகர்த்திக்கொண்டு வருவதுபோல் இருந்தது. நாற்காலிக்கு மரம் கொண்டுவருகிறாள், பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன். வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள்.

“அண்ணன் எங்கம்மா?”

“இதோ நிக்கிறாரேப்பா.”

நேராகப் பார்த்தேன். என் புருவ உயரத்தில், முரட்டுத் துணி சுற்றி, ஒட்டுப் போட்டு, உருண்டையாக ஒன்று இருந்தது. பனிக்காக முகத்தை மூடியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கைகூப்பி வரவேற்புரையைத் தொடங்கினேன். ‘தங்கள் முகத்தைக் கண்டதும் எங்கள் மனம் குளிர்ந்தது’ என்ற இடம் வந்தபோது சாவி என் கையைப் பிடித்தாள்.

“அப்பா, அது முழங்கால். மேல பாருங்க.”

பார்த்தேன். இடுப்பு, மார்பு, பனி, பனிக்கு மேலே ஒரு முகம். அது என்னைவிடப் பயந்துபோயிருந்தது. மலை உச்சிகளில் இருக்கிறார்களே பாறைப்பூதங்கள், அந்த இனம். நம் கணக்கில் பதினைந்து முழம். கயிற்றில் ஒரு தப்பும் இல்லை, அக்கா. முடிச்சு எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்திருந்தது.

இனி நடந்ததை மூச்சுவிடாமல் சொல்கிறேன், ஏனென்றால் அப்படித்தான் நடந்தது. முதலில் வீட்டு அம்மாவுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று சாவி அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அம்மா சமையலறையில் இருந்தாள். அவன் முகத்துக்கு எட்டிய ஒரே வழி புகைக்கூண்டு. அதில் வாயை வைத்து மிகவும் மரியாதையாக “வணக்கம்மா” என்றான். அடுப்பு அணைந்தது. அடுப்பில் இருந்த சாம்பலும் புகைக்கூண்டில் இருபது வருஷமாகச் சேர்ந்திருந்த கரியும் ஜன்னல் வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டுச் சலவைக்காரம்மா காயப்போட்டிருந்த பன்னிரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் இறங்கின. அந்த அம்மா போட்ட சத்தத்தில் பதறிப்போய், சமையலறையில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஜன்னலுக்குள் கையை விட்டான். கை உள்ளே போயிற்று. வெளியே வரும்போது ஜன்னல் சட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. இன்றுவரைக்கும் அது அவன் மணிக்கட்டில் வளையல் மாதிரி தொங்குகிறது. ரம்பம் வைத்தால் தோலில் பட்டுவிடும் என்று தச்சர் மறுத்துவிட்டார். என் வீட்டுக்காரி தலையிலிருந்து கால்வரை கரியோடு வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் கொஞ்சம் நம்பிக்கையோடு காத்திருந்தேன்.

“வாப்பா. எம் பொண்ணத் தாங்கின முதுகு இதுதானா? திரும்பு பாப்போம்” என்றாள்.

அவன் திரும்பினான். முதுகின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் தழும்பு. அவள் ஏணி கொண்டுவரச் சொல்லி, எண்ணெய்ப் பானையோடு ஏறிவிட்டாள்.

மத்தியானம் தெருக் கண்காணிப்பாளர் வந்தார். பத்து முழத்துக்கு மேல் எதையும் அனுமதி இல்லாமல் எழுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அவன் சலவைக்காரம்மாவின் விரிப்புகளைக் குளத்தில் அலசிக்கொண்டுவந்து, இரண்டு கைகளையும் நீட்டி அவற்றைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்காணிப்பாளர் சுற்றிவந்து குறிப்பு எழுதினார்.

“உக்காந்திருந்தா கட்டடம். எந்திரிச்சு நடந்தா வண்டி. எதுல பதியட்டும்?”

“என் மகன்னு பதியுங்க” என்றாள் என் வீட்டுக்காரி.

“நாற்காலி இருக்காம்மா?”

என் வீட்டுக்காரியும் கண்காணிப்பாளரும் அவனும் சாவியும், நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேறு வழியில்லாமல் உள்ளே போய் அந்தச் சின்ன நாற்காலியைக் கொண்டுவந்தேன். தப்பை மறைக்காமல் ஒப்புக்கொள்வது நல்ல செய்தியாளனுக்கு அழகு என்று முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவன். ஒப்புக்கொள்வதற்குள் அவன் அதை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். இலை வேலைப்பாட்டை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

இப்போது என் தரப்பைக் கேள். அவனுக்கு முறையான நாற்காலி செய்தால் உட்காரும் பலகையே என் புருவத்தில் இருக்கும். அதில் அவன் உட்கார்ந்தால் தலை பதினொரு முழம் போகும். நம் சாப்பாட்டு அறைக் கூரை ஆறு முழம். நாற்காலி வீட்டு மேஜையைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், வாசலில் போட்டால் அது நாற்காலி இல்லை, பெஞ்சு. அப்படியானால் கூரை போக வேண்டும். அந்தக் கூரை அப்பா போட்டது. ஒவ்வொரு உத்தரமும் அவர் தோளில் சுமந்து வந்தது. அவர் போன பிறகு மாட்டிவைத்த அவருடைய நாற்காலி இன்னமும் அந்த உத்தரத்தில்தான் தொங்குகிறது. மழைக்காலம் வேறு வருகிறது. இதையெல்லாம் சாவியிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

“சரிப்பா” என்றாள். “அப்ப என் நாற்காலியையும் எடுத்து உள்ள வெச்சிருங்க.”

“எதுக்கு?”

“அவர வாசல்ல உக்கார வெச்சிட்டு நான் மட்டும் உள்ள உக்காந்து சாப்பிட மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் திங்கக்கிழமை கிளம்பறோம். நீங்க தினமும் துடைக்கற வேலையும் மிச்சம்.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை, அக்கா. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். திங்கட்கிழமை போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். எட்டு வருஷத்தில் மூன்று என்பது எட்டு வருஷத்தில் பூஜ்யம் ஆகிவிடும். அதனால்தான் ‘முடியாது’ என்பது உன் வாயிலிருந்து வர வேண்டும் என்கிறேன். நான் சொன்னால் அப்பா மறுத்தார் என்றாகும். நீ சொன்னால் வழக்கம் மறுத்தது என்றாகும். உன்மேல் கோபம் வந்தாலும் அவளுக்கு இரண்டு மாதத்தில் போய்விடும்.

ஆனாலும் இரு தரப்பையும் விசாரிக்காமல் எழுதுவது என் வழக்கம் இல்லை. நேற்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, அவன் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தேன். அவன் என் முகத்தில் காற்று அடிக்காமல் இருக்க வாயை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பேசினான்.

“உங்க சொந்த வீட்ல உங்களுக்கு இடம் இல்லையா?” என்று கேட்டேன்.

“எங்க ஆளுங்களுக்கு நாற்காலி கிடையாதுங்கய்யா. மலைச் சரிவுல ஆளுக்கு ஒரு கல்லு போடுவாங்க. அதுல உக்காந்தாத்தான் அவன் அந்த வீட்டு ஆளு.”

“உங்க கல்லு எங்க?”

“இன்னும் போடலிங்க.”

“ஏன்?”

மணிக்கட்டில் இருந்த ஜன்னலைத் திருகிக்கொண்டிருந்தான்.

“நான் குள்ளம்ங்கய்யா. எங்கண்ணனுங்க இடுப்புக்குத்தான் வருவேன். வளந்தப்புறம் கல்லு போடலாம்னு சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு இப்ப நாப்பத்தி மூணு.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

“ஊர்ல பேரு என்ன?”

“பொடியன்னுவாங்க.”

பதினைந்து முழம், அக்கா. பொடியன்.

“எல்லாரும் என்னக் குனிஞ்சுதாங்க பாப்பாங்க” என்றான். “தங்கச்சிதான் முதல்ல அண்ணாந்து பாத்துச்சு. எனக்குக் கழுத்த எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.” பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “இதுல உக்கார முடியாதுன்னு தெரியுங்க. கூரை விஷயமும் காதுல விழுந்துச்சு, என் காது கொஞ்சம் பெருசு. நீங்க அதப் பத்தி மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நான் தங்கச்சியச் சமாதானப்படுத்தி வீட்ல விட்டுட்டுப் போயிடறேன். இத மட்டும் நான் வெச்சுக்கலாமா?”

குறிப்புப் புத்தகத்தை மூடினேன். பேட்டி முடிந்தது என்று சொன்னேன். கீழே இறங்கும்போது ஏணியில் ஒரு படி தவறிவிட்டது. விழுந்துவிடாமல் ஒரு விரலை நீட்டி என்னைத் தாங்கினான். அவசரப்படுத்தவில்லை.

இரு தரப்பும் முன்வைக்கப்பட்டுவிட்டன. தனிப்பட்ட இரக்கம் வேறு, வழக்கமும் கூரையும் வேறு. ஆகவே முதலில் கேட்டதையே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: நீ வரக் கூடாது, ஆணியை வெளியே எடுக்கவே கூடாது. மூத்தவளாக நிதானித்து நல்ல முடிவாகச் சொல்லி அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகள் எல்லாரும் நிறையச் சாப்பிட்டு, நிறையத் தூங்கி, தங்கள் நாற்காலி தங்களுக்குப் போதவில்லை என்று வருஷம்தோறும் தச்சரைக் கூப்பிடும்படி வளரட்டும். உன் கையால் இந்தக் குடும்பம் இன்னும் பல நாற்காலி காணட்டும், இந்த ஒன்றைத் தவிர.

இப்படிக்கு,
உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி

பி.கு.: மேலே உள்ளதை நேற்று மாலை எழுதினேன். இப்போது காலை ஒன்பது மணி. கூரையைக் கழற்றியாகிவிட்டது. யார் சொல்லிக் கழற்றினார்கள் என்று தச்சரை விசாரித்தால் என் பெயரைத்தான் சொல்வார். அவர் சொல்வது சரி. உத்தரங்களை அவன்தான் ஒவ்வொன்றாக இறக்கினான். ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அப்பாவின் நாற்காலியை மட்டும் என் கையிலேயே கொடுத்து, இறங்கும்வரை என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அந்த உத்தரங்களை வைத்துத்தான் தச்சர் புது நாற்காலி செய்கிறார், இந்த முறை கயிற்றை மடிக்காமல். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “நான் கொஞ்சம் குனிஞ்சுக்கறேன்பா” என்றான். சாவிக்கு அது பழகிய கூரைதான். அவள் சிரித்துக்கொண்டே தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் துடைப்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாரத்தாளுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். ‘நடுத்தர உயரம் என்று வெளியானது தவறு, நல்ல உயரம் என்று படிக்கவும்.’ அவன் அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான்.

ஆகவே நீ உடனே கிளம்ப வேண்டும். வழக்கமான ஒரு விரல் ஆணி பத்தாது, ஒரு முழ ஆணியாகக் கொண்டுவா. கால்வலியோடு நடக்க வேண்டாம், வண்டியும் வேண்டாம். இந்தக் கடிதத்தை உன் ஜன்னல் இடுக்கில் செருகியது தபால்காரர் இல்லை. உன் அடுப்பு அணைந்துவிடக் கூடாதே என்று, நீ படித்து முடிக்கும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன். இதற்குள் முகம் சிவந்திருக்கும், சீக்கிரம் போய்க் கதவைத் திற. உன் புருவ உயரத்தில் உருண்டையாக ஒன்று தெரியும். அதற்கு வணக்கம் சொல்லிவிடாதே. அண்ணாந்து பார், அக்கா.